சாலி கிளார்க் வழக்கு: எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு எடை?

எண்வாத்தியார் (இழையைத் தொடங்கியவர்)

ஆய்வகத்தில் நடப்பது மட்டுமே ஆராய்ச்சி, சட்டத்திலும் சமூகவியலிலும் நடப்பது வெறும் அபிப்பிராயம் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். அவர்களுக்காக ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். புள்ளியியல் மாணவர்களுக்கு நான் தவறாமல் நடத்தும் வழக்கு இது.

இங்கிலாந்தைச் சேர்ந்த சாலி கிளார்க் ஒரு வழக்கறிஞர். கணவரும் வழக்கறிஞர்தான். முதல் மகன் 1996 டிசம்பரில், 11 வாரக் குழந்தையாக இருந்தபோது இறந்தான். சுவாசத் தொற்று என்று பதிவு செய்தார்கள். இரண்டாவது மகன் 1998 ஜனவரியில், எட்டு வாரத்தில் இறந்தான். அதன் பிறகு, இரு உடல்களையும் பரிசோதித்த அதே நோய்க்கூறியல் மருத்துவர் முதல் மரணத்தைப் பற்றிய தன் முடிவையும் மாற்றிக்கொண்டார். தாய் மீது இரட்டைக் கொலை வழக்கு. 1999 நவம்பரில் செஸ்டர் நகர நீதிமன்றத்தில் ஜூரி 10க்கு 2 என்ற கணக்கில் அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை.

அரசுத் தரப்பில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ராய் மெடோ. குழந்தை மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்றவர். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறக்கும் 'தொட்டில் மரணம்', வசதியான, புகைபிடிக்காத இப்படிப்பட்ட குடும்பத்தில் நேர 8,543இல் ஒரு வாய்ப்பு என்றார். இருமுறை நேர வேண்டுமானால் 8,543ஐ 8,543ஆல் பெருக்க வேண்டும், ஆகவே 7.3 கோடியில் ஒன்று என்றார். குதிரைப் பந்தயத்தில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, 80க்கு 1 என்று மதிப்பிடப்பட்ட குதிரையின் மீது பணம் கட்டி ஜெயிப்பதைப் போன்றது என்று உவமையும் சொன்னார்.

பெருக்கல் சரி. பெருக்கியதுதான் தவறு. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளை மட்டுமே அப்படிப் பெருக்கலாம். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே மரபணு. இரண்டு மரணங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று எவர் நிரூபித்தார்?

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. அந்த 8,543 எங்கிருந்தோ பறித்த எண் அல்ல. 1993 முதல் 1996 வரை இங்கிலாந்தின் சில வட்டாரங்களில் பிறந்த 4,72,823 குழந்தைகளையும் அவர்களில் தொட்டில் மரணமடைந்த 363 பேரையும் வைத்துச் செய்த நேர்மையான ஆய்வு அது. பொதுவான வாய்ப்பு 1,303இல் ஒன்று. 7.3 கோடி என்ற எண்ணும் அதே அறிக்கையில் இருந்தது. குடும்பத்தில் ஓடும் பிற காரணங்கள் இதில் கணக்கிடப்படவில்லை என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருந்தது. நீதிமன்றத்துக்கு எண் மட்டும் வந்து சேர்ந்தது.

2001 அக்டோபரில் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் சங்கம் இதைக் கண்டித்துப் பகிரங்க அறிக்கை வெளியிட்டது. அத்தகைய சங்கம் ஒரு வழக்கில் வாய் திறப்பது அபூர்வம்.

சந்தேகப் பிராணி

ஐயா, ஒரு கேள்வி. 7.3 கோடி தவறு என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்று என்றாலும் அது மிகச் சிறியதுதானே? அப்போதும் அந்தத் தாய் கொன்றிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று சாதாரண மனிதன் நினைப்பதில் என்ன பிழை?

எண்வாத்தியார்

இந்தக் கேள்விதான் வழக்கின் நடு நரம்பு.

தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அதுவே. ஒருவருக்கு முதல் பரிசு விழ லட்சக்கணக்கில் ஒரு வாய்ப்பு. அதற்காக, பரிசு விழுந்தவர் மோசடிதான் செய்திருக்க வேண்டும் என்று போலீஸ் அவரைக் கைது செய்வதில்லை. இத்தனை டிக்கெட்டில் யாருக்காவது விழத்தான் வேண்டும். மோசடி செய்து ஜெயிப்பதும் அபூர்வம், நேர்மையாக ஜெயிப்பதும் அபூர்வம். கேட்க வேண்டியது, இரண்டில் எது *அதிக* அபூர்வம் என்பதை.

இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன. இது நடந்து முடிந்தது. விளக்கங்கள் இரண்டு: இரட்டைத் தொட்டில் மரணம், அல்லது தாய் தன் இரண்டு சிசுக்களையும் கொன்றது. இரண்டாவதும் மிக மிக அரிது. சால்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ரே ஹில் இரண்டையும் ஒப்பிட்டார். ஒரு குழந்தையைத் தொட்டில் மரணத்தில் இழந்த குடும்பத்தில் மறுபடியும் அது நேரும் ஆபத்து, பொது ஆபத்தைவிட ஐந்து முதல் பத்து மடங்கு வரை கூடுதல் என்று மதிப்பிட்டார். இரட்டைக் கொலையைவிட இரட்டைத் தொட்டில் மரணமே அதிகம் நிகழக்கூடியது என்பது அவர் முடிவு. ஜூரி முன்னால் தராசின் ஒரு தட்டு மட்டும் வைக்கப்பட்டது.

குற்றமற்றவராக இருந்தால் இந்தச் சான்று கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு கேள்வி. இந்தச் சான்று கிடைத்திருக்கும்போது அவர் குற்றமற்றவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. பன்னிரண்டாம் வகுப்பில் பேயீஸ் தேற்றம் (சான்று கிடைத்த பிறகு வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் விதி) படித்த எவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். படித்து மறந்துவிடுவார்கள் என்பது தனிக் கதை.

கறுப்பு அங்கி

வாத்தியார் ஐயா கணக்குக்குக் கொடுத்த முக்கியத்துவம் சரி, ஆனால் சாலி கிளார்க்கைக் கணக்கு விடுவிக்கவில்லை. சட்டத்தில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும்.

2000 அக்டோபரில் முதல் மேல்முறையீடு. புள்ளிவிவரம் தவறாகக் கையாளப்பட்டது என்று புள்ளியியல் நிபுணர்களின் அறிக்கைகளோடு வாதிட்டார்கள். அதில் குறை உண்டு என்று நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மற்ற சான்றுகள் வலுவாக இருப்பதால் தீர்ப்பு நிற்கும் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு கிருமி. மருத்துவமனைக் கோப்புகளைத் தோண்டியபோது, இரண்டாவது குழந்தையின் உடலில் பல இடங்களில், தண்டுவட நீர் உட்பட, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்ததாகக் காட்டும் நுண்ணுயிரியல் முடிவுகள் கிடைத்தன. அந்த நோய்க்கூறியல் மருத்துவர் அலன் வில்லியம்ஸுக்கு 1998 பிப்ரவரியிலேயே அது தெரியும். எதிர்த்தரப்புக்குச் சொல்லவில்லை. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. ரத்து செய்தபோது நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: புள்ளிவிவரக் குறையை முழுமையாக வாதிட்டிருந்தால், அது ஒன்றே மேல்முறையீட்டை ஏற்கப் போதுமானதாக இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று. முதல் மேல்முறையீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கரிசனம்.

கொலைக் குற்றத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த சாலி கிளார்க் அதிலிருந்து மீளவே இல்லை. 2007 மார்ச்சில் 42 வயதில் இறந்தார்.

வார்டு விளக்கு

குழந்தைகள் வார்டில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் மருத்துவர் நான். இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் எல்லோரும் மெடோவை வில்லனாக்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

பெற்றோரே குழந்தைக்கு நோயை உண்டாக்கி மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள் என்று 1977இல் அவர் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது நம்ப ஆளில்லை. ஆனால் அது நடக்கிறது. டேவிட் சவுதாலும் சகாக்களும் இங்கிலாந்து மருத்துவமனைகளில் ரகசிய கேமரா வைத்து 39 குழந்தைகளைக் கண்காணித்தார்கள். 33 குழந்தைகள் விஷயத்தில் துன்புறுத்தல் பதிவானது. 1997இல் வெளிவந்த ஆய்வு. (ரகசியக் கேமரா வைப்பது அறமா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை.) மூச்சுத் திணறலோடு வரும் குழந்தையைப் பார்த்து 'இது இயற்கையா?' என்று சந்தேகப்படுவதும் மருத்துவரின் கடமை. சந்தேகப்படாத மருத்துவரால் இறந்த குழந்தைகளுக்கு யாரும் இழை தொடங்குவதில்லை.

மெடோவின் குற்றம் வேறு. தனக்குத் தெரியாத துறைக்குள் தன் புகழோடு நுழைந்தார். ஒன்று சோகம், இரண்டு சந்தேகம், மூன்று கொலை என்ற பொருளில் அவர் பெயரால் ஒரு விதியே புழங்கியது. அதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கிடையாது. அனுபவசாலியின் உள்ளுணர்வு விதியாகிவிட்டால் அதைக் கேள்வி கேட்க இளையவர்களுக்குத் துணிவு வருவதில்லை. எங்கள் துறையின் பழைய நோய் அது.

தெருக்கணக்கு

சமூகவியல் தரப்பிலிருந்து ஒன்று. அந்த 8,543 எப்படி வந்தது என்று பாருங்கள். வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, வீட்டில் சம்பளம் வர வேண்டும், தாய் 27 வயதுக்குக் குறைந்தவராகவும் ஒன்றுக்கு மேல் குழந்தை பெற்றவராகவும் இருக்கக் கூடாது. மூன்றும் பொருந்தினால் 8,543இல் ஒன்று. பொருந்தாத ஏழைக் குடும்பத்தில் ஆபத்து பல மடங்கு.

அதாவது, எந்தச் சூழலில் குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்று கண்டறியச் சேகரித்த தரவு இது. நீதிமன்றத்தில் அது தலைகீழானது. நல்ல வீடு, நல்ல வருமானம், புகைபிடிக்காத பெற்றோர் என்ற ஒவ்வொரு நல்ல அம்சமும் அந்தத் தாய்க்கு எதிராகச் சேர்ந்தது.

அவர் குடித்தார், வேலையை விட்டு வீட்டில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையை இழந்த தாய் எப்படி அழ வேண்டும் என்று ஊருக்கு ஒரு கணிப்பு உண்டு. அதில் பொருந்தாதவள் பாடு கஷ்டம்தான்.

எண்வாத்தியார்

தெருக்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். அதே நல்ல அம்சங்கள் கொலைக்கான வாய்ப்பையும் குறைக்கும். வசதியான, நிலையான குடும்பத்தில் தொட்டில் மரணம் குறைவு என்றால், சிசுக்கொலையும் குறைவு. ஒரு தட்டுக்கு மட்டும் அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தார்கள். மேலும், ஆண் குழந்தைகளுக்கே தொட்டில் மரண ஆபத்து அதிகம். இறந்த இருவரும் ஆண் குழந்தைகள். அந்த அம்சத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

சந்தேகப் பிராணி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டில் மரணம் என்பதே 'காரணம் தெரியவில்லை' என்பதற்கு வைத்த பெயர்தானே? ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி செய்து 'தெரியவில்லை' என்று பெயர் வைத்தால் அதை வைத்து யாரை விடுவிப்பது, யாரைத் தண்டிப்பது?

வார்டு விளக்கு

காரணம் முழுதாகத் தெரியாமலே மரணத்தைக் குறைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மருத்துவத்தில் குறைவு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு நாடுகளில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் புரையேறாது என்ற நியாயம். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த நிலையில் சுவாசம் எளிதாக இருந்ததும் ஒரு காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவின் பழக்கம் வீட்டுக் கட்டிலுக்கு வந்தது. கேட்டால் யாருக்கும் சரி என்றே படும். சோதித்துப் பார்த்தவர் இல்லை.

இதைக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதிக்கவும் முடியாது. ஆகவே இறந்த குழந்தைகளின் வீட்டுக்குப் போய், எப்படிப் படுக்க வைத்தீர்கள், எத்தனை போர்வை என்று கேட்டு, அதே வட்டாரத்தில் உயிரோடிருக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நெதர்லாந்தில் 1987இலேயே பிரசாரம் தொடங்கியது. பிரிஸ்டல் நகரைச் சுற்றியுள்ள ஏவன் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழு செய்த ஆய்வு 1990இல் வந்தது. 1991 இறுதியில் பிரிட்டன் முழுவதும் 'மல்லாந்து படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம். சில ஆண்டுகளில் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழே போய்விட்டன. மருந்து இல்லை, கருவி இல்லை.

வயிற்றைக் கலக்குவது இனிமேல்தான். ரூத் கில்பர்ட்டும் சகாக்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2005இல் எழுதினார்கள்: குப்புறப் படுப்பது ஆபத்து என்று 1970 வாக்கிலேயே கிடைத்திருந்த ஆய்வுகளைத் தொகுத்திருந்தால் தெரிந்திருக்கும். பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. தரவு நூலக அலமாரிகளில் தனித்தனியாகக் கிடந்தது. எடுத்து ஒன்றாக அடுக்குவதையும் ஆராய்ச்சி என்று யாரும் மதிக்கவில்லை.

மரபுச்சரடு

'காரணம் தெரியவில்லை' என்பது நிரந்தரமல்ல என்பதற்கு என் துறையிலிருந்து ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக் வழக்கு.

1989க்கும் 1999க்கும் இடையில் அவருடைய நான்கு குழந்தைகள் இறந்தார்கள். 2003இல் மூன்று கொலைகள், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் ஒன்று என்று தண்டனை. முதலில் 40 ஆண்டுகள், மேல்முறையீட்டில் 30 ஆனது. 'நான்கு குழந்தைகளும் இயற்கையாக இறக்குமா?' என்ற அதே தர்க்கம் அங்கும் நீதிமன்றத்துக்குள் உலவியது. அவருடைய நாட்குறிப்புகளே முக்கியச் சான்று.

கான்பெராவில் இருந்த நோய் எதிர்ப்பியல் விஞ்ஞானி கரோலா வினுவேசாவின் குழு, சிறையிலிருந்த அந்தத் தாயின் எச்சிலிலிருந்து மரபணு வரிசையைப் படித்தது. கால்ம்2 என்ற மரபணுவில் ஓர் அரிய மாற்றம். கால்மோடுலின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு அது. இதயத் துடிப்பில் கால்சியத்தின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது அந்தப் புரதம்தான். பிறந்தபோது குதிகாலில் குத்திச் சேமித்த ரத்தப் பொட்டு அட்டைகள் போன்ற பழைய மாதிரிகளிலிருந்து குழந்தைகளின் மரபணுவையும் எடுத்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் அதே மாற்றம் இருந்தது.

ஒரு மாற்றம் இருப்பதாலேயே அது கொல்லும் என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் புரதத்தைத் தயாரித்துச் சோதித்தார்கள். வேலை செய்யும் திறன் குறைந்திருந்தது. 2020இல் கட்டுரை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த முதல் மறுவிசாரணை குற்றத்தை உறுதி செய்துவிட்டிருந்தது. 2021இல் நோபல் பரிசு பெற்றவர்கள் உட்பட 90 விஞ்ஞானிகளும் மருத்துவ நிபுணர்களும் அவருக்கு மன்னிப்பு கோரி மனு அளித்தார்கள். இரண்டாவது மறுவிசாரணையில் ஆஸ்திரேலிய அறிவியல் கழகமே சுயேச்சையான ஆலோசகராக உட்கார்ந்தது. 2023 ஜூன் 5 அன்று மன்னிப்பு, டிசம்பரில் தண்டனை ரத்து. இருபது ஆண்டு சிறை.

தெருக்கணக்கு

மரபணுவைப் பேசுகிறவர்கள் நாட்குறிப்பை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். 2003இல் ஜூரி அதை எந்த நிபுணர் துணையும் இல்லாமல் தானே படித்தது. தன்னால்தான் குழந்தைகள் போய்விட்டன என்ற தொனியில் இருந்த வரிகள் வாக்குமூலமாகிவிட்டன. இரண்டாவது மறுவிசாரணையில் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் வந்து, குழந்தையை இழந்த தாய் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்வது எவ்வளவு சாதாரணம் என்று எடுத்துச் சொன்ன பிறகே அந்த வரிகள் வேறு மாதிரிப் படிக்கப்பட்டன. ஆண் குழந்தைகள் இருவருக்கும் கால்ம்2 மாற்றம் கிடையாது என்பதை மரபுச்சரடு மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். மரபணு மட்டும் அவரை வெளியே கொண்டுவரவில்லை.

மரபுச்சரடு

மறுக்கவில்லை. ஆனால் மரபணு இல்லாமல் இரண்டாவது விசாரணையே வந்திருக்காது. துக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் 2003இலும் இருந்தன. யாரும் கதவைத் திறக்கவில்லை.

சந்தேகப் பிராணி

நம் நாட்டில் இப்படி ஒரு வழக்கு வந்தால் என்ன ஆகும்? கறுப்பு அங்கி சொல்லட்டும்.

கறுப்பு அங்கி

நமக்கு ஜூரி கிடையாது, நீதிபதியே முடிவு செய்கிறார். நிபுணர் கருத்து பழைய சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமில் 39ஆம் பிரிவு. அது ஆலோசனைதான், நீதிபதியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

எனக்குப் பயம் பழைய 106ஆம் பிரிவு, இப்போது 109. ஒருவருக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது. நான்கு சுவருக்குள் குழந்தை இறந்து, தாய் மட்டும் அருகில் இருந்திருந்தால், 'என்ன நடந்தது, நீயே சொல்' என்று கேட்பது எளிது. மருத்துவத்துக்கே தெரியாத காரணத்தைத் தாய் எப்படிச் சொல்வாள்? குற்றத்தை நிரூபிக்கும் அரசின் பொறுப்பை அந்தப் பிரிவு நீக்கிவிடாது என்று 1956இலேயே சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விசாரணை நீதிமன்றங்களில் அந்த வரி எத்தனை தடவை நினைவுகூரப்படுகிறது என்று கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். திருப்தி படேல் என்ற மருந்தாளர் மூன்று குழந்தைகளைக் கொன்றதாக 2003இல் ரெடிங் நீதிமன்றத்தில் நின்றார். அவருடைய தாய்வழிப் பாட்டி இந்தியாவிலிருந்து போய், தான் பெற்ற 12 குழந்தைகளில் ஐந்து சிசுவிலேயே இறந்ததைச் சொன்னார். ஜூரி இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளாமல் படேலை விடுவித்தது. தன் இரு மகன்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஏஞ்சலா கானிங்ஸை மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் விடுவித்து, 2004 ஜனவரியில் வெளியிட்ட காரணங்களில் ஒரு கோடு போட்டது: மரணத்தின் காரணம் பற்றித் தகுதியுள்ள நிபுணர்களே கடுமையாக முரண்படும்போது, வேறு வலுவான சான்று இல்லாமல் கொலை வழக்கைத் தொடரக் கூடாது.

வார்டு விளக்கு

அந்தக் கோட்டுக்கு ஒரு விலையும் உண்டு. மெடோவின் பெயரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து 2005இல் நீக்கினார்கள், 2006இல் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. இந்த இழுபறியைப் பார்த்த குழந்தை மருத்துவர்கள் பலர் துன்புறுத்தல் வழக்குகளில் சாட்சி சொல்லவே தயங்கினார்கள். சாட்சி சொல்லும் மருத்துவர் இல்லாவிட்டால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

கறுப்பு அங்கி

மருத்துவரே, தயங்கினால் தயங்கட்டும். 'இது என் துறை இல்லை, புள்ளியியல் நிபுணரை அழையுங்கள்' என்று கூண்டில் நின்று சொல்லும் தயக்கம் 1999இல் இருந்திருந்தால் போதும்.

வார்டு விளக்கு

அதைச் சொல்லச் சாட்சியைவிட வழக்கறிஞருக்குத்தான் வாய்ப்பு அதிகம். சாலி கிளார்க் தரப்பு வழக்கறிஞர்கள் ஏன் அந்த விசாரணையில் ஒரு புள்ளியியலாளரைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை?

எண்வாத்தியார்

இருவரும் சொல்வது சரி, அதனால் சண்டை தொடரட்டும். நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்ற செவிலியை, அவர் பணியிலிருந்தபோது அத்தனை மரணங்களும் ஆபத்துகளும் தற்செயலாக நேர 34.2 கோடியில் ஒன்றே வாய்ப்பு என்ற எண்ணின் நிழலில் ஆயுள் தண்டனைக்கு அனுப்பி, 2010இல் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். அங்கே எண்ணைக் கொடுத்தவர் மருத்துவர் அல்ல; புள்ளிவிவரம் தெரிந்தவர். ஆகவே 'நிபுணரை அழைத்தால் போதும்' என்ற வாதமும் அவ்வளவு எளிதாக நிற்காது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.